ஜாப் கார்டில் என்ன எழுதியிருக்கிறது?

(கொமரலிங்கத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புது வண்டிக்குச் சாவி வாங்கி, கோயில் வாசலில் நிறுத்திப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வீட்டுக்கு ஓட்டி வருகிற நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பத்து மாதம் கழித்து வருகிற ஒரு நாளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். வண்டியில் ஏதோ சத்தம். சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டுச் சில நாள் பஸ்ஸில் போய் வருகிறோம். பிறகு போன் வருகிறது. "அண்ணா, பார்ட்ஸ் மாத்தோணுமுங்க. வாரண்டில வராதுங்ண்ணா." கூடவே ஒரு எஸ்டிமேட். அதில் இருக்கிற தொகை, ஒரு ஏஸ் சரக்கு வண்டி ஓட்டுகிறவரின் ஒரு மாத வருமானத்தைத் தாண்டி நிற்கிறது.

நான் நுகர்வோர் வழக்குகள் நடத்துகிற வக்கீல். இப்படி அடிபட்டு வருகிறவர்கள் போனில் எடுத்த வீடியோவைக் காட்டுவார்கள், சத்தத்தைப் போட்டுக் காட்டுவார்கள், சர்வீஸ் மேனேஜர் என்ன பேசினார் என்பதை வார்த்தை மாறாமல் சொல்வார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு முறையும் வண்டியை விட்டபோது கொடுத்த ஜாப் கார்டு எங்கே? பெரும்பாலும் கையில் இருக்காது. இருந்தாலும் அதில் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதியிருக்கும். வாரண்டி வழக்குகளில் பாதி, கோர்ட்டுப் படி ஏறுவதற்கு முன்னாலேயே சர்வீஸ் கவுண்டரில் தோற்றுப்போகின்றன. இன்று நான் சொல்ல வந்தது இதுதான். மற்றவையெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

இந்த ஊரில் இதைப் பேசக் காரணம் இருக்கிறது. அமராவதிப் பழைய ஆயக்கட்டில் நெல்லும் கரும்பும் தென்னையும் விளைகிற பூமி இது. ஆனால் இன்றைக்கு இங்கிருந்தும் கொழுமம், மடத்துக்குளம், கணியூர் பக்கமிருந்தும் பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். ஆட்களை ஏற்றிப்போகிற வேன், கட்டிங் பீஸும் நூல் மூட்டையும் ஏற்றிப்போகிற ஏஸ், தேங்காய் ஏற்றுகிற பிக்கப், குடும்பத்துக்கென்று வாங்கிய சின்னக் கார் என்று எதை எடுத்தாலும் பெரும்பாலும் ஃபைனான்ஸில்தான் ஓடுகிறது. வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும் மாசத் தவணை நிற்காது. வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் இரட்டை நஷ்டம். அந்த அவசரம் சர்வீஸ் சென்டர்காரருக்கும் தெரியும். "சரி, எடுத்துட்டு போயிடலாம், பணத்தைக் கட்டித் தொலைச்சிடலாம்" என்கிற முடிவுக்கு நாம் வருகிறவரை அவர் காத்திருந்தால் போதும்.

வாரண்டி வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வாரண்டி என்பது வண்டியைத் தயாரித்த நிறுவனம் கொடுத்த வாக்கு. வேலையைச் செய்வதோ டீலர். டீலர் தன் கையிலிருந்து பார்ட்ஸைப் போட்டு, ஆளை வைத்து வேலை பார்த்து, பிறகு நிறுவனத்திடம் கிளெய்ம் அனுப்பிப் பணம் வாங்க வேண்டும். கழற்றிய பழைய பார்ட்ஸையும் நிறுவனம் கேட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். கிளெய்மை நிறுவனம் ஏற்காமல் தள்ளிவிட்டால் அந்த நஷ்டம் டீலர் தலையில். ஆகவே கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் அதை வாடிக்கையாளர் கணக்கில் எழுதிவிடுவதுதான் டீலருக்குப் பத்திரம். கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற சர்வீஸ் அட்வைசர், பெரும்பாலும் டிப்ளமோ முடித்த நம் பக்கத்துப் பையன். மாசம் இவ்வளவு பில் போட வேண்டும் என்று அவன் தலைமேல் டார்கெட் தொங்குகிறது. அவன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவனை அந்த நிலையில் நிறுத்தியிருக்கிற ஏற்பாட்டின் மேல்தான் கோபம்.

மறுப்பதற்குச் சொல்கிற காரணங்களும் வழக்கமானவைதான். கிளட்ச் தேய்ந்தால் 'ஓட்டுற விதம் சரியில்லைங்க'. இன்ஜெக்டர் போனால் 'டீசல் கலப்படமுங்க'. பிஎஸ்-6 டீசல் வண்டியில் புகை வடிகட்டி அடைத்துக்கொண்டால் 'டவுனுக்குள்ளயே ஓட்டறீங்க, ஹைவேல ஓட்டோணுமுங்க'. வயரிங் போனால் எலி. இன்ஜின் போனால் தண்ணீர். இந்தக் காரணங்கள் சில வண்டிகளில் உண்மையாகவும் இருக்கும். அதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். கிளட்ச் பிளேட், பிரேக் பேடு, வைப்பர் போன்ற தேய்மானப் பொருள்களுக்கு வாரண்டிப் புத்தகத்திலேயே வரம்பு போட்டிருக்கிறார்கள். டயருக்கும் பேட்டரிக்கும் அந்தந்தத் தயாரிப்பாளரின் வாரண்டி தனி. ஆனால் இது தேய்மானமா, தயாரிப்புக் குறையா என்பதைத் தீர்மானிக்கிறவரும் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கப்போகிறவரும் ஒரே ஆளாக இருக்கிறபோது, அவர் வாயால் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. "எந்தப் பார்ட்ஸில், என்ன காரணத்தால் வாரண்டி மறுக்கிறீர்கள் என்பதை எழுதி, சீல் போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டும் என்றவுடன் பல மறுப்புகள் அங்கேயே கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். எழுதிக் கொடுத்துவிட்டாலும் நல்லதே. அதுவே பிறகு நமக்குச் சாட்சி.

இப்போது ஜாப் கார்டுக்கு வருகிறேன். நாம் போய், "லெஃப்ட்ல திருப்பும்போது ஸ்டியரிங்ல டக் டக்குன்னு சத்தம் வருதுங்க, மூணாவது கியர் விழறப்ப இழுக்குதுங்க" என்று சொல்கிறோம். தம்பி கம்ப்யூட்டரில் 'ஸ்டியரிங் செக்' என்று தட்டுகிறான். வண்டி திரும்பி வருகிறது. சத்தம் அப்படியே இருக்கிறது. கேட்டால், "கம்பெனி செட்டிங்கே அப்படித்தானுங்ண்ணா, ஓட ஓட செட்டாயிரும்" என்கிறான். மறுபடி விடுகிறோம். இந்த முறை 'பெய்டு சர்வீஸ்' என்று கார்டு. மூன்றாம் முறை 'வாட்டர் வாஷ், ஜெனரல் செக்கப்'. நம்மைப் பொறுத்தவரை ஒரே குறைக்காக மூன்று தரம் அலைந்திருக்கிறோம். காகிதத்தைப் பொறுத்தவரை குறையே இல்லாத ஒரு வண்டி மூன்று தரம் குளித்துவிட்டுப் போயிருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து நுகர்வோர் ஆணையத்தில் டீலர் தரப்பு வக்கீல் இந்த மூன்று கார்டையும் எடுத்துப் போடுவார். ஒவ்வொன்றின் அடியிலும் 'திருப்தி' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் நம் கையெழுத்து இருக்கும்.

திருப்பூர் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்ப நேரம் ஆகாது. கட்டிங் பீஸ் ஒரு பண்டல் காஜா பட்டனுக்குப் போனால்கூட டெலிவரி சலான் இல்லாமல் கேட்டைத் தாண்டாது. எத்தனை பீஸ், எந்தச் சைஸ், எந்தக் கலர் என்று எழுதி, வாங்கிக்கொண்டவர் கையெழுத்து வாங்குகிறோம். இருநூறு ரூபாய் பனியனுக்கு இருக்கிற அந்த ஒழுங்கை எட்டு லட்சம் ரூபாய் வண்டிக்கும் கொண்டுவர வேண்டும்.

அதனால் வண்டியை விடும்போது குறையை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். 'கஸ்டமர் வாய்ஸ்' என்றே ஜாப் கார்டில் ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். அது உங்களுக்கான இடம். கிலோமீட்டர், தேதி, நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு இதே குறைக்காக விட்டிருந்தால் 'மறுபடியும்' என்ற சொல் அதில் ஏற வேண்டும். அவர்கள் எழுத மாட்டேன் என்றால், நீங்களே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சாயங்காலமே டீலருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தமிழில் எழுதினாலும் செல்லும். திரும்ப எடுக்கும்போது ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சத்தம் இன்னும் இருந்தால் 'குறை தீரவில்லை' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பார்ட்ஸுக்கு நீங்கள் பணம் கொடுத்திருந்தால் பழைய பார்ட்ஸ் உங்களுடையது. கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். பழைய சாக்கில் கட்டி வைத்த அந்த இரும்புத் துண்டு, நாளைக்கு ஒரு நிபுணர் பார்க்க வேண்டிய சான்றாக இருக்கும்.

வண்டியின் சர்வீஸ் வரலாற்றைக் கேட்டால் தரமாட்டேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தெரிந்தே தகவலை மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்ற விளக்கத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. பில் தராமல் இருப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் சொல்கிறது. கேட்பது நம் உரிமை என்று தெரிந்துகொண்டு கேட்டால் குரலே வேறு மாதிரி வரும்.

அடுத்தது, டீலரும் நிறுவனமும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிற சங்கதி. டீலரிடம் போனால் "கம்பெனிதான் அப்ரூவல் கொடுக்கோணும்". நிறுவனத்துக்குப் போன் போட்டால் "உங்கள் டீலரை அணுகவும்". இந்த இடுக்கில் விழுந்து காணாமல் போன புகார்கள் கணக்கில்லை. சட்டத்திலும் இந்த இடுக்கு இருக்கிறது. கோவாவில் ஒரு டீலர், 2009-இல் தயாரான வண்டியை 2011-இல் புது வண்டி என்று விற்றார். வழக்கு டாடா மோட்டார்ஸ் மேலும் டீலர் மேலும் போனது. கீழே மூன்று மன்றங்களும் இருவரையும் பொறுப்பாக்கின. உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், டீலர் செய்த தவறு நிறுவனத்துக்குத் தெரிந்தே நடந்தது என்று நிரூபிக்கவில்லை, அவர்கள் இருவருக்கும் இடையே இருப்பது விற்பவர் வாங்குபவர் உறவுதான் என்று சொல்லி நிறுவனத்தை விடுவித்துவிட்டது. டீலர் மட்டும் மாட்டிக்கொண்டார்.

சட்டப்படி அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை, காரணம் சொல்கிறேன். அதே 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் போட்டது. டீலர்கள் தாங்களாகக் கூடுதல் தள்ளுபடி கொடுக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள், வாடிக்கையாளர் போல ஆளனுப்பி டீலர்களைச் சோதித்தார்கள், மீறியவர்களுக்குத் தண்டம் போட்டார்கள் என்பது ஆணையத்தின் முடிவு. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. அது வேறு விஷயம். ஒரு டீலர் ஐயாயிரம் ரூபாய் அதிகமாகத் தள்ளுபடி கொடுத்தால் கண்டுபிடிக்க வழி வைத்துக்கொள்ள முடிகிற ஒரு துறையில், அதே மாதிரி டீலர் வாடிக்கையாளரை ஏமாற்றினால் மட்டும் நிறுவனத்துக்குத் தெரியாமல் போய்விடுமா? இந்தக் கேள்வியை நீதிமன்றங்களில் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை நாம் செய்ய வேண்டியது: முதல் நாளிலிருந்தே இருவருக்கும் எழுதுங்கள். நிறுவனத்துக்குத் தெரியும் என்பதற்கு உங்கள் மின்னஞ்சலே ஆதாரம். புகார் மனுவிலும் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். தயாரிப்புக் குறை என்றால் நிறுவனம், வேலையில் கோளாறு என்றால் டீலர். எது என்று நமக்குத் தெரியாதபோது இருவரையும் நிறுத்துவதுதான் முறை. 2019 சட்டம் தயாரிப்பாளர், விற்பவர், சேவை தருபவர் ஆகிய மூவருக்கும் தனித்தனியே பொருள் பொறுப்பு என்று ஒரு அத்தியாயமே வைத்திருக்கிறது.

இன்னொரு பயமுறுத்தல், "வெளிய கை வெச்சுட்டீங்க, வாரண்டி போச்சுங்க." நடு ராத்திரி பல்லடம் ரோட்டில் வண்டி நின்றுவிட்டது, பக்கத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு பெல்ட் மாற்றினோம். அதற்குப் பிறகு ஏசி கெட்டாலும் கதவு ஒட்டாவிட்டாலும் இந்த ஒரு பதில்தான். இதைப் பற்றி ஒரு பெரிய உத்தரவு இருக்கிறது, நம் மக்களில் நிறையப் பேருக்கு இன்னும் தெரியவில்லை. 2011-இல் ஒரு தனிமனிதர் போட்டி ஆணையத்துக்குக் கொடுத்த புகாரில் ஆரம்பித்தது அது. உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் தகவலையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில், 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மாருதி, டாடா, மஹிந்திரா, ஹோண்டா, டொயோட்டா, ஃபோர்டு என்று நாம் ரோட்டில் பார்க்கிற பெயர்கள் பல அதில் இருந்தன. அபராதத்தை எதிர்த்து வழக்குகள் நீண்டுகொண்டே போயின. நமக்கு முக்கியமானது அந்த உத்தரவில் சொன்ன ஒரு கட்டளை. வெளியில் வேலை பார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்கிற நிபந்தனை கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் எந்தப் பாகத்துக்குச் சேதம் வந்ததோ, அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம்.

வெளியில் பெல்ட் மாற்றியதால் ஸ்டியரிங் கெட்டது என்று சொல்கிறவர், எப்படிக் கெட்டது என்று காட்ட வேண்டும். நம் ஊர் மெக்கானிக்குகளின் பிழைப்பும் இதில் அடங்கியிருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. மோட்டார் வாகனமும் அதில் சேர்த்தி. ஆனால் கணக்குப் பார்த்தால் போட்டி ஆணையத்தின் அந்த உத்தரவு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கவுண்டரில் அந்தப் பழைய வாசகத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்கிறவர்கள் நம்பிக்கொண்டுமிருக்கிறார்கள். இது எனக்குத் தாங்கமுடியாத வருத்தம்.

சரி, வழக்குப் போட்டால் புது வண்டி கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன். சுலபமாகக் கிடைக்காது. 2006-இல் மாருதி நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி பழுதான பாகத்தை மாற்றித்தருவதற்குத்தான் உறுதி சொல்கிறது, வண்டியையே மாற்றித்தர உத்தரவிட்டது சரியல்ல என்றது. நிறுவனத் தரப்பு வக்கீல்கள் எந்த ஆணையத்துக்குப் போனாலும் முதலில் எடுத்து வைப்பது இந்தத் தீர்ப்பைத்தான். ஆனால் நாம் எடுத்து வைக்கவும் தீர்ப்புகள் உண்டு. 2004-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்கில், குறையுள்ள காரைப் புத்தம் புதிய கார் என்று விற்றதையும், குறையை ஒப்புக்கொள்ளாமல் வழக்காடியதையும் உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகக் கண்டித்தது. 2010-இல் ஃபியட் கார் ஒன்றின் இன்ஜின் சத்தம் பற்றிய வழக்கில், நடுநிலையான தொழில்நுட்ப நிபுணர் பார்த்து, தயாரிப்பிலேயே குறை என்று சொன்னால் வண்டி விலையை வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றது.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது 2022 ஏப்ரல் 20 அன்று வந்த தீர்ப்பு. நம் தமிழ்நாட்டில் ஆலை வைத்திருக்கிற ஹூண்டாய் நிறுவனத்தின் கிரெட்டா கார். ஒருவர் 2015 ஆகஸ்டில் வாங்கினார். 2017 நவம்பரில் டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து. முன்பக்க ஏர்பேக் விரியவில்லை. தலையிலும் நெஞ்சிலும் பல்லிலும் காயம். நிறுவனம் என்ன சொன்னது? மோதிய வேகமும் விசையும் ஏர்பேக் விரிகிற அளவுக்கு இல்லை என்றது. வாங்கி இரண்டு வருஷம் தாண்டிவிட்டது, காலாவதி என்றது. உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. வேகத்தையும் விசையையும் கணக்குப்போட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்ற கருத்தில் எழுதியது. மோதினால்தான் தெரியவரும் குறை அது. ஆகவே குறை வெளிப்பட்ட நாளிலிருந்துதான் காலக்கெடு ஓடும் என்றது. காயத்துக்கும் மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் மூன்று லட்ச ரூபாய், அதோடு வண்டியையும் மாற்றித்தர வேண்டும் என்று டெல்லி மாநில ஆணையம் சொன்னது அப்படியே நிலைத்தது. 'நீங்களே நிரூபியுங்கள்' என்று எளியவர் மேல் மலையைத் தூக்கி வைக்கிற வழக்கத்துக்கு எதிராக நின்ற தீர்ப்பு அது.

இனி, இந்தப் பகுதிக்கென்றே உள்ள ஒரு சிக்கல். "ஏஸ் வாங்கி வாடகைக்கு ஓட்டறேன், நான் நுகர்வோரா?" என்று தம்பிகள் கேட்கிறார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பது சட்டம். இதில் எல்லை வகுத்த தீர்ப்பில் நம் கோயம்புத்தூருக்கும் பங்கு இருக்கிறது. பீளமேடு பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம் செய்து கொடுத்த ஒரு இயந்திரம் சரியில்லை என்று மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஒரு தொழிற்கூடம் போட்ட வழக்கு அது. 1995-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தொழிற்கூடத்தை நுகர்வோராக ஏற்கவில்லை. ஆனால் அதே தீர்ப்பில் விளக்கமாக எழுதியது: பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான். லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவரும், ஒரு லேத் வாங்கித் தானே வேலை செய்கிறவரும் நுகர்வோர்தான். கூடமாட ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அது கெடாது. வாங்கிவிட்டு முழுக்க இன்னொருவரிடம் ஓட்டக் கொடுத்துவிட்டு வாடகை எண்ணுகிறவர் அந்தப் பாதுகாப்புக்குள் வரமாட்டார்.

ஆகவே தம்பி, உங்கள் ஏஸ் விஷயத்தில் மனு எழுதும்போது, 'சுயதொழிலாக, என் குடும்பப் பிழைப்புக்காக நானே ஓட்டுகிறேன்' என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். லைசென்ஸ் நகலும் டிரிப் ஷீட்டும் சேர்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு வரி விடுபட்டதால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிற மனுக்கள் உண்டு.

பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. காரைக் கம்பெனி பெயரில் வாங்கியிருக்கிறோமே என்று தயங்குகிறார்கள். ஒரு நிறுவனம் தன் இயக்குநரின் பயன்பாட்டுக்கு வாங்கிய மெர்சிடிஸ் காரில், நடுவில் உள்ள மேடு சூடேறுகிற குறை பற்றிய வழக்கு பல வருஷம் நடந்து, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. கம்பெனி பெயரில் வாங்கியது என்பதால் மட்டும் அது வணிக நோக்கம் ஆகிவிடாது. அந்தக் கார் லாபம் ஈட்டுகிற வேலையோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற நிலை அதில் உறுதிப்பட்டது. வாங்கிய நோக்கம் வணிகம்தான் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பதையும் உச்ச நீதிமன்றம் அதே வருஷம் இன்னொரு வழக்கில் தெளிவாக்கிவிட்டது.

மனு போடுகிற வேலை அவ்வளவு பெரியதல்ல. வண்டி விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும். முன்பெல்லாம் எதிர்த்தரப்பு இருக்கிற ஊருக்கோ பிரச்சினை நடந்த ஊருக்கோ ஓட வேண்டும். 2020 ஜூலை 20-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கொமரலிங்கத்துக்காரருக்குத் திருப்பூர். பில்லின் அடியில் 'வழக்குகள் சென்னை எல்லைக்கு உட்பட்டவை' என்று அச்சடித்திருந்தாலும் அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது. பத்து லட்சம் வரை 200 ரூபாய், இருபது லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இதைச் சொல்வது ஒரு வக்கீல். இணையம் வழியாகவும் மனு போடலாம். காணொலியில் ஆஜராகக் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டால், சில குறைகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டாலும் அந்தப் புகார் எண் ஒரு சான்று. காலக்கெடு இரண்டு வருஷம். 'இன்னொரு தரம் பார்த்துத் தர்றோமுங்க' என்று இழுத்தடித்தே இந்த இரண்டு வருஷத்தைக் கழித்துவிடுவார்கள், கவனமாக இருங்கள். ஆணையம் நமக்குச் சாதகமாகச் சொன்னபின் எதிர்த்தரப்பு மாநில ஆணையத்துக்கு அப்பீல் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இது புதிய சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

பிடிக்காததும் இருக்கிறது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பது என்ன என்று கிரெட்டா வழக்கின் தேதிகளே சொல்கின்றன: விபத்து 2017, கடைசித் தீர்ப்பு 2022. தாமதத்துக்குப் பெரிய காரணம் நிபுணர் அறிக்கை. இந்தக் குறை தயாரிப்பில் வந்ததா என்று சொல்ல நடுநிலையான ஆள் வேண்டும். அந்த ஆளைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. பரிசோதனைக் கட்டணத்தை முதலில் கட்டும்படி புகார்தாரரைத்தான் கேட்பார்கள். ஏற்கெனவே வண்டி நின்று, தவணை ஓடிக்கொண்டிருக்கிறவர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்?

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982-லேயே ஒரு சட்டம் கொண்டுவந்தது. புது வண்டியில் ஒரே குறையை நான்கு தரம் சரிசெய்யப் பார்த்தும் தீரவில்லை, அல்லது மொத்தம் 30 நாள் வண்டி ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தது என்றால், போதுமான வாய்ப்புக் கொடுத்தாயிற்று என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அதன்பின் வண்டியை மாற்றித்தர வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித்தர வேண்டும். மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. இங்கே நமக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த திரும்பப் பெறும் பிரிவு, ஒரே மாடலில் நிறைய வண்டிகளில் பாதுகாப்புக் குறை வந்தால்தான் உதவும். ஒற்றை வண்டி வைத்து மாட்டிக்கொண்டவருக்கு அது கைகொடுக்காது. எத்தனை தரம் என்ற எண்ணிக்கையைச் சட்டத்தில் எழுதும் வரை, அந்த எண்ணிக்கையை நாம் ஜாப் கார்டில்தான் எழுதியாக வேண்டும்.

சட்டம் மாறக் காத்திருக்காமல் நம் மாவட்டத்திலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஆட்டோமொபைல் படிப்பு சொல்லிக்கொடுக்கிற பாலிடெக்னிக்குகளும் பொறியியல் கல்லூரிகளும் கோவை வட்டாரத்தில் நிறைய உள்ளன. அங்கே லேப் இருக்கிறது, கற்றறிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களிலிருந்து ஒரு நிபுணர் பட்டியலை மாவட்ட ஆணையம் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட கட்டணம், அறிக்கைக்கு ஒரு கெடு என்று ஒழுங்கு செய்யலாம். கட்டணத்தை முதலில் நிறுவனம் கட்டட்டும், புகார் பொய் என்று தெரிந்தால் பிறகு புகார்தாரரிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்றும் உத்தரவிடலாம். இதைக் கேட்டு ஒரு விண்ணப்பம் தயார் செய்து கொண்டுவந்திருக்கிறேன். வண்டி வைத்திருப்பவர்கள், மெக்கானிக்குகள், ஓட்டுநர்கள் எல்லோரும் படித்துப் பாருங்கள். மாற்ற வேண்டியது இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிட்டுக் கையெழுத்துப் போடலாம். மேசைமேல் இருக்கிறது. கேள்விகளை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்வோம்.